'தூய' எழுதாமல் விட்ட மூன்று நாள்

மலையடிவாரத்து மாதா கோயிலுக்குள் பேயைக் கூட்டி வந்தவன் நான்தான் என்று கச்சிராயபாளையம் பக்கத்தில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. மறுக்க வழியில்லை. அழைப்பை என் கையாலேயே எழுதினேன். நீல பெயிண்ட்டில், எழுத்து ஒவ்வொன்றும் முக்கால் அடி உயரத்துக்கு, பீடத்துக்கு மேலே இருக்கும் சுவரில்.

எனக்குத் தொழில் பெயிண்ட் அடிப்பது. வீடு தியாகதுருகத்தில். வீடுகளுக்கு வெள்ளையடிப்பேன், கடைகளுக்குப் பேர் எழுதுவேன், கோயில், மசூதி, மாதா கோயில் எதுவானாலும் சாரம் கட்டி ஏறிவிடுவேன். வேலை கம்மி, வாய் ஜாஸ்தி என்பது என் மனைவி எனக்குக் கொடுத்திருக்கும் சான்றிதழ். உயரத்தில் நின்றுகொண்டு, கீழே போகிற யாரையாவது வம்புக்கு இழுக்காவிட்டால் எனக்கு பிரஷ் ஓடாது.

அந்தக் கோயில் கல்வராயன் மலைக்கு ஏறுகிற சாலைக்கு முன்னால் இருக்கிறது. ஒரு பக்கம் கரும்பு, இன்னொரு பக்கம் மரவள்ளி. நூறு வருஷத்துக்கு மேலான ஓட்டுக் கட்டடம். வெள்ளைக்காரச் சாமியார் ஒருத்தர் குதிரையில் வந்து கட்டினாராம். அவர் கல்லறையும் உள்ளேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஃபாதர் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளில் சாவி ஒரு அக்காவிடம். ஐம்பது வயது இருக்கும். பெருக்குவது, விளக்கேற்றுவது, மூன்று வேளையும் மணி அடிப்பது எல்லாம் அவர்தான். முன்பு அவர் கணவர் பார்த்த வேலை. அவர் அதற்கு முந்தின வருஷம் இறந்த பிறகு அக்கா கைக்கு வந்தது.

திருவிழாக் கொடியேற்றத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார்கள். முதல் நாளே எதிரில் இருந்த டீக்கடைக்காரர் எனக்கு வரவேற்பு கொடுத்தார்.

"உள்ளயா வேலை? தனியாவா?"

"ஆமாண்ணே."

"உச்சி வேளைல மட்டும் உள்ள இருக்காத. குதிரை கனைக்கும்."

"அந்தக் குதிரை செத்து நூறு வருஷமாச்சேண்ணே?"

"அதனாலதான்யா பயமே. உயிரோட இருந்தா கொள்ளு வெச்சிட்டு வந்துடலாம்."

பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் ஆளே இல்லாமல் இருமல் கேட்கும் என்றார். பாவத்தைச் சொல்லாமலே செத்தவர்கள் இன்னும் வரிசையில் நிற்கிறார்களாம். நான் டீயைக் குடித்துவிட்டு, அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, "குதிரையப் பார்த்தேண்ணே, லாடம் தேஞ்சி போயிருக்குது, மாத்தச் சொல்லுச்சி" என்றேன். சாயந்திரத்துக்குள் இந்தக் கதை ஊரைச் சுற்றி அக்கா காது வரைக்கும் போய்விட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. பின்னால் இந்தப் பெருமைக்குத் தண்டம் கட்ட வேண்டியிருந்தது.

எழுத வேண்டியது மூன்று சொல்: 'தூய ஆவியே வாரும்'. அவர்கள் கடவுளைக் கூப்பிடுகிற வேண்டுதல் அது. முதலில் நூல் அடித்தேன். அதாவது நீலப் பொடி தடவிய நூலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டால் சுவரில் நேர்கோடு விழும். அதன் மேல்தான் எழுத்து நிற்கும். சுவரை ஒட்டி மேலே குறுக்காக ஒரு பெரிய தேக்கு உத்திரம் ஓடியது. அதற்குச் சரியாக ஒரு சாண் கீழே, இரண்டு கோடியிலும் அளந்து நூல் அடித்தேன்.

இடது கோடியில் ஒரு தொல்லை. அந்தப் பக்கச் சுவரின் உச்சியில்தான் மணி. மணிக்கயிறு இறங்குகிற ஓட்டை வழியாக எத்தனையோ மழைக்காலம் தண்ணீர் இறங்கி, பூச்சு சோறு மாதிரி குழைந்திருந்தது. சுரண்டிவிட்டுப் புதுப் பூச்சு வைத்தேன். அது காய இரண்டு மூன்று நாள் ஆகும். 'தூய' விழ வேண்டிய இடம் அதுதான். சரி, அது கடைசியில் என்று விட்டுவிட்டு, மற்ற இரண்டு சொல்லையும் எழுதி முடித்தேன்.

பதினொன்றரை மணிக்கு அக்கா வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாப்பா எழுதி வெச்சிக்கீற? ஆவியே வாரும்மா?"

"முன்னாடி தூய வரும்கா. செவுரு காயல."

"அது காயற வரைக்கும் யார் வேணா வரலாமா?"

"வரட்டும்கா. வந்தா சும்மா உடுவோமா, ஒரு பிரஷ் குடுத்து வேலை வாங்கிடுவோம்."

அக்கா சிரிக்கவில்லை. விடுவேனா. ஃபாதர் குரலை மூக்கால் எடுத்து, "மகளே, அந்தப் பெயிண்டருக்கு ஒரு டீ வாங்கிக் கொடு" என்றேன். அக்கா பதறிப் போய் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். "அட கட்டைல போறவனே! அசல் அவரு கொரலுப்பா" என்று அப்போதுதான் சிரித்தார்.

பன்னிரண்டுக்கு மணி அடித்தார். பீடத்துக்கு முன்னால் பாய் விரித்து முழந்தாள் போட்டு செபம் சொன்னார். பெயிண்ட் கீழே சொட்டாமல் இருக்க நான் தார்ப்பாய் கட்டியிருந்ததால் அவர் கண்ணுக்கு நான் தெரியவில்லை. செபம் முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. தாழ்ந்த குரலில் யாரிடமோ பேச ஆரம்பித்தார். "இன்னிக்கு கத்திரிக்காதான். வேற இன்னா இருக்குது. நீதான் வாயத் தொறக்க மாட்டியே."

யாரோ புனிதரிடம் பேசுகிறார் என்று நினைத்தேன். புனிதருக்கும் கத்திரிக்காய்க்கும் என்ன சம்பந்தம் என்று சிரிப்பு வேறு. கை சும்மா இருந்தால்தானே. பிரஷ்ஷின் காம்பால் பெயிண்ட் டப்பாவில் இரண்டு தட்டு தட்டினேன். டக், டக்.

பேச்சு நின்றது.

தார்ப்பாயின் ஓரம் வழியாக எட்டிப் பார்த்தேன். அக்கா மேலே பார்க்கவில்லை. எழுந்து, வாசலைப் பார்த்து நாலு எட்டு வைத்து, அப்படியே நின்றார். "வந்துட்டியா?" என்றார்.

அந்தக் குரல் விளையாட்டுக்குப் பதில் சொல்கிற குரல் இல்லை. 'நான்தான்கா' என்று அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி, அவர் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அடுத்த நாள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனேன். அக்கா தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, எனக்கு முன்னால் வந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் வாயைத் திறந்து, "சாமந்திப் பூ நல்லா இருக்குதுக்கா" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிக்கொண்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

பன்னிரண்டு ஆனது. அக்கா மணி அடித்தார். வழக்கத்தைவிட வேகமாக, வழக்கத்தைவிட ரொம்ப நேரம். நான் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். இன்றைக்கு விளையாட்டே கிடையாது. மணியின் ரீங்காரம் அடங்கியது. வெயிலில் ஓடு காயும் வாசனை. எங்கோ கரும்பு டிராக்டர் போகிற சத்தம்.

டக்.

கைகளைப் பார்த்தேன். தொடைக்குக் கீழேதான் இருந்தன.

டக்.

என் இடது பக்கம், சுவருக்குள்ளிருந்து. எனக்குச் சாரத்தில் ஏற ஐந்து நிமிஷம் பிடிக்கும். அன்றைக்கு இறங்க எவ்வளவு பிடித்தது என்று தெரியாது. முழங்கால் தோல் மட்டும் வழியில் எங்கோ தங்கிவிட்டது. அக்கா பாயில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, சிரித்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி ஓடினேன். டீக்கடைக்காரர் என் முழங்காலைப் பார்த்தார்.

"குதிரையா, இருமலா?"

"ரெண்டும் இல்லண்ணே. புதுசா ஒண்ணு."

மூன்றாம் நாள் பத்து மணிக்கு அக்கா என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"தம்பி, அந்த தூய இருக்குது பாரு, அத்த இப்போ எழுதாத. கொடியேத்தற வரைக்கும் அப்படியே உட்டுடு."

"ஏன்கா? ஊரே சிரிக்குது."

"சிரிச்சிட்டுப் போவட்டும். நீ கூப்பிட்ட, எங்க வூட்டுக்காரரு வந்துட்டாரு. தூயன்னு எழுதிட்டா அப்பறம் அவரு வர முடியாதுப்பா. அவரு ஒண்ணும் தூயவரு இல்ல. கொஞ்சம் குடிப்பாரு."

எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை. அக்கா படியில் உட்கார்ந்தார். அவர் கணவர் ஒருநாளும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். வீட்டுக்கு வந்தால் கதவு நாதாங்கியை இரண்டு தட்டு தட்டுவார். அவ்வளவுதான். இவர் எழுந்து திறக்க வேண்டும்.

"கரும்பு லோடு ஏத்தப் போன அன்னிக்குக் காலைல எனக்கும் அவருக்கும் சண்டை. கொழம்புல உப்பு இல்லன்னாரு. நீயே ஆக்கித் துன்னுன்னுட்டேன். வேலை முடிஞ்சி வந்து தட்டினாரு. எனக்கு வீம்பு. காது கேக்காத மாதிரி படுத்துக்கினே இருந்தேன். ரெண்டு தட்டு. அப்பறம் ரெண்டு தட்டு. அப்பறம் வெளிய கட்டில்லயே படுத்துட்டாரு. காலைல போய் எழுப்பறேன், ஒடம்பு சில்லுன்னு கீது."

நான் டப்பாவில் தட்டியதும் இரண்டு தட்டு.

"நீங்க ஏன்கா அன்னிக்கு நாலு எட்டு வெச்சிட்டு நின்னுட்டீங்க?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன். நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை அவர் கவனிக்கவில்லை.

"கிட்டப் போனா நின்னுடுமோன்னு பயம்பா. அதான் பாயிலயே குந்திக்கினு கேக்கறேன்."

அந்தப் பாய்க்கு நேர் மேலேதான் என் சாரம். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மறுபடியும் மேலே ஏறினேன். ஏறும் முன் கீழிருந்து பார்த்தபோது எழுத்து கோணலாகத் தெரிந்தது. என் லட்சணத்துக்குக் கோணாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சரிபார்க்கலாம் என்று சாணால் அளந்தேன். வலது கோடியில் உத்திரத்துக்கும் கோட்டுக்கும் ஒரு சாண். இடது கோடியில் கையை வைத்தேன். சாண் நுழையவில்லை. மூன்று விரல் கம்மி.

நூல் பொய் சொல்லாது. சுவரில் இருக்கும் கோடு மேலே ஏறாது. அப்படியானால் உத்திரம் இறங்கியிருக்கிறது.

உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் திருப்புளியால் குத்தினேன். பிடிவரை வழுக்கிக்கொண்டு போனது. உள்ளே முழுக்கக் கரையான். 'தூய'வைக் காயவிடாத அதே தண்ணீர் இந்த முனையையும் தின்றிருந்தது. அதற்கு நேர் மேலே, அதே சுவரில், மணி. மணி ஆட, சுவர் அதிர, அடங்கும்போது உத்திரம் ஒரு நூல் அளவு கீழே உட்காருகிறது. டக், டக். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் அக்கா நாளுக்கு நாள் ஓங்கி அடிக்கிறார்.

செல்போனில் மணி பார்த்தேன். பன்னிரண்டுக்கு இருபது நிமிஷம்.

இறங்கி ஃபாதருக்குப் போன் போட்டேன். இன்னொரு ஊரில் அடக்கப் பூசையில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "யாரையும் உள்ளே விடாதீங்க, சாயந்திரம் மேஸ்திரியோட வர்றேன், அக்காகிட்ட குடுங்க" என்றார். ஸ்பீக்கரில் போட்டு அக்காவிடம் நீட்டினேன்.

"அம்மா, இன்றைக்கு மணி அடிக்காதீங்க. உள்ளே இருக்காதீங்க."

அக்கா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "நல்லாத்தான்பா பண்ற. யாரை உட்டுப் பேச சொன்ன?"

"அக்கா, அசல் ஃபாதருக்கா!"

"முந்தா நாளும் அசல்தான்."

போன் கட்டாகிவிட்டது. அந்த மலையடிவாரத்தில் சிக்னல் எப்போதும் அப்படித்தான். உத்திரத்தைப் பற்றிச் சொன்னேன், கரையானைப் பற்றிச் சொன்னேன், கோட்டைக் காட்டினேன். "அன்னிக்கு குதிரை லாடம், இன்னிக்கு உத்திரமா" என்றார். அவர் மேல் தப்பில்லை. இந்த வாயில் அத்தனை நாளும் வந்தது ஒன்றுகூட உண்மையில்லை.

பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிஷம். அக்கா கயிற்றைப் பிடித்தார். அவர் கைக்கு மேலே நானும் பிடித்துக்கொண்டேன். அவர் இழுக்க, நான் இழுக்க, 'டங்' என்று மேலே ஒரு அடி விழுந்தது. இரண்டு பேர் தலையிலும் சுண்ணாம்புத் தூள். எனக்கு உயிரே போய்விட்டது. கயிற்றை விட்டேன்.

"அக்கா, முத நாளு தட்டினது நான். பிரஷ் காம்பால டப்பால தட்டினேன். சும்மா விளையாட்டுக்கு. உங்க வூட்டுக்காரரு விஷயம் சத்தியமா எனக்குத் தெரியாது."

அவர் முகத்தை இப்போது எழுதும்போதுகூட நேராகப் பார்க்க முடியவில்லை. கன்னத்தில் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேத்து?"

"நேத்து நான் இல்லக்கா. கையத் தொடைக்கு அடில வெச்சிக்கினு இருந்தேன்."

"அப்ப நேத்து வந்தது அவருதான்."

"உத்திரம்கா!"

"உன் தட்டுக்கும் அவரு தட்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதாடா? முத நாளே சந்தேகம்தான். அதான் நாலு எட்டுல நின்னுட்டேன்." காலையில் சொன்ன காரணம் வேறு. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். "இன்னிக்கும் அடிப்பேன். நீ பயந்தா வெளிய போ."

வெளியே போயிருக்கலாம். கால் இரண்டும் அதற்குத் தயாராகத்தான் இருந்தன. அக்காவைத் தூக்கிக்கொண்டு போகவும் என்னால் ஆகாது. என்னைவிட அவருக்குப் பலம். அந்த நேரத்தில் எனக்கு வந்தது யோசனை இல்லை, எப்போதும் வருகிற அதே வாய்தான்.

"சரிக்கா. அவரே வர்றாருன்னு வெச்சிக்குவோம். தட்டினா நீங்க இன்னா பண்ணணும்? பாயில குந்திக்கினே இருக்கணுமா? அன்னிக்குப் படுத்துக்கினே இருந்த மாதிரி?"

அக்கா கயிற்றோடு நின்றார்.

"எழுந்து போய்க் கதவத் தொறக்கணும்கா. முத தட்டுலயே. அதுக்குத்தானே அவரு தட்டறாரு?"

நான் ஓடிப்போய்ப் பெரிய வாசல் கதவு இரண்டையும் இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். விழப்போகிற கட்டடத்துக்குள் தன்னையும் சேர்த்துப் பூட்டிக்கொண்ட புத்திசாலியை இந்த ஜில்லாவில் வேறெங்கும் பார்க்க முடியாது. கதவு சாத்தியிருந்தால்தானே திறக்க வேண்டும்.

"தட்டின உடனே வந்துடணும்கா. நிக்கக் கூடாது."

அக்கா இழுத்தார். மணி முழங்கியது. சாரத்துச் சவுக்குக் கட்டைகள் நடுங்குவது கதவடியில் நின்ற எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் என் தோள் தானாகக் காது வரைக்கும் ஏறியது. மணி நின்றது. அக்கா கயிற்றை விட்டு, பாயைப் பார்த்தார். உட்காரப் போகிறாரோ என்று நான் கதவை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்தேன்.

டக்.

அக்கா திரும்பினார். இரண்டாவது தட்டு வரும் முன்னால் நடக்க ஆரம்பித்திருந்தார். நடை ஓட்டமானது. புடவை தடுக்க, ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வரேன், வரேன், இதோ" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் தாழ்ப்பாளில் கை வைக்கப் போனேன். "நீ தொறக்காத!" என்று கத்தினார். வந்து, தானே தாழ்ப்பாளை எடுத்து, இரண்டு கதவையும் விரியத் திறந்தார். வெயில் உள்ளே கொட்டியது. வெளியே யாரும் இல்லை. டீக்கடைக்காரர் மட்டும் எதிரில் நின்று எங்களைப் பார்த்தார்.

அக்கா வாசற்படியைத் தாண்டிக் கீழே இறங்கினார். நான் எப்போதோ இறங்கியிருந்தேன்.

பின்னால், லாரியிலிருந்து செங்கல்லைக் கொட்டுவது போல ஒரு சத்தம். உத்திரத்தின் இடது முனை சுவரை விட்டு வெளியே வந்து, என் சாரத்தை உடைத்து, பாயின் மேல் விழுந்தது. அதன் பின்னால் ஓடுகள். புழுதி வாசல் வழியாக எங்கள் மேல் வந்து படர்ந்தது. அது அடங்கியதும் பார்த்தேன். 'ஆவியே வாரும்' மட்டும் சுவரில் அப்படியே இருந்தது, துளிகூடக் கோணாமல்.

பிறகு அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "இப்பச் சொல்லு. யாரு தட்டினது?"

உத்திரம் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

சாயந்திரம் ஃபாதர் வந்தார். திருவிழாப் பூசை வெளியே பந்தலில் நடந்தது. பிறகு இரும்பு உத்திரம் போட்டு, ஓடு மாற்றி, மணியை முற்றத்தில் தனிக் கம்பம் நட்டுத் தொங்கவிட்டார்கள். இடது பக்கப் பூச்சு நன்றாகக் காய்ந்ததும் அக்காவே எனக்குப் போன் போட்டார்.

"வந்து அந்த தூயவ எழுதிட்டுப் போ."

"எழுதலாமாக்கா? அவரு வர முடியாதுன்னீங்களே?"

"வந்த வேலை முடிஞ்சுது. கதவத்தான் தொறந்துட்டேனே."

போனேன். புது நூல் அடித்தேன். இரண்டு கோடியிலும் மூன்று தடவை அளந்தேன். 'தூ' முடித்து 'ய'வின் கடைசி வளைவில் இருக்கும்போது, வெளியே பன்னிரண்டு மணி அடித்து ஓய்ந்தது. கோயிலுக்குள் ஆள் அரவமே இல்லை.

டக், டக்.

பிரஷ் கையை விட்டுப் போனது. 'ய'வுக்கு ஒரு வால் முளைத்தது. சாரக் கட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி எல்லாரையும் மதம் பார்க்காமல் கூப்பிட்டுவிட்டுக் கீழே பார்த்தேன். அக்கா துடைப்பக் கட்டையைச் சாரத்தின் காலில் சாய்த்து வைத்து, அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா பெயிண்டரே," என்றார், "யாருன்னு கேக்க மாட்டியா?"